வாட்டர் பார்க்ல 'காசு வசூல்' கணக்கு போடாதீங்க



ஏப்ரல் பிறந்தா போதும், நமக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே ரகம்தான். "ப்ரோ, அப்ரைசல் வந்திருக்கு, பொண்ணுக்கு நாலு வயசு, வாட்டர் பார்க் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம், எந்த ஆஃபர்ல டிக்கெட் போட்டா லாபம்?" இதுக்குப் பதில் சொல்றது சுலபம். வார நாள்ல போங்க, ஆன்லைன்ல முன்னாடியே போடுங்க, போட்டிருக்கிற விலையில 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கான்னு கடைசி ஸ்க்ரீன்ல பாருங்க. முடிஞ்சது.

ஆனா அந்த மெசேஜ்ல யாருமே எழுதாத ஒரு வரி இருக்கு: பொண்ணுக்கு நீச்சல் தெரியாது. நாலு வயசுக் குழந்தைக்குத் தெரியாதுதான், அதைத் தனியா வேற எழுதணுமான்னு நினைப்பீங்க. என்னைக் கேட்டா பட்ஜெட்டே அந்த வரியிலிருந்துதான் தொடங்கணும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நீச்சல் தெரியாத சின்னக் குழந்தையோட வாட்டர் பார்க் போறது தப்பே இல்ல. "இவ்வளவு கொடுத்திருக்கோம், முழுசா வசூல் பண்ணிட்டுத்தான் கிளம்பணும்"ங்கிற புத்தியோட போறதுதான் ஆபத்து. தண்ணியோட ஆழத்தைவிட அந்தப் புத்திதான் எனக்குப் பெரிய பயம்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. பெரியவங்க டிக்கெட் 1,300 ரூபாய், ரெண்டு பேருக்கு 2,600. குழந்தைக்கு 1,000. டிரெஸ் வாடகை 300, லாக்கர் 200, மதியச் சாப்பாடு, நடுவுல வர்ற ஐஸ்க்ரீம் எல்லாம் சேர்த்து 1,200, பெட்ரோல் டோல் 900. மொத்தம் 6,200. காலைல 11 மணிக்குத் திறந்து சாயங்காலம் 6 மணிக்கு மூடுறான்னா ஏழு மணி நேரம். மணிக்குக் கிட்டத்தட்ட 886 ரூபாய்.

இந்த 886-தான் வில்லன். நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு இந்தக் கணக்கைப் போடாம இருக்கவே முடியாது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா மனசுக்குள்ள மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். குழந்தை தூங்கினா 886. சாப்பிட ஒரு மணி நேரம் ஆனா 886. "நான் குழந்தையோட உக்காந்திருக்கேன், நீ போய்ட்டு வா"ன்னு ஒருத்தர் கரையில உக்காந்தா அவரோட 1,300 தண்டம். அதனால என்ன பண்றோம்? மூணு பேரும் ஒண்ணா எல்லா இடத்துக்கும் போறோம். குழந்தை போகக் கூடாத இடத்துக்கும்.

ஷேர் மார்க்கெட் வீடியோவுல இதே புத்தியைப் பத்தி எத்தனையோ தடவை பேசியிருக்கோம். 500 ரூபாய்க்கு வாங்கின ஷேர் 300-க்கு இறங்கிடுச்சு, கம்பெனி சரியில்லன்னு நல்லாத் தெரியுது, இருந்தும் "வாங்கின விலைக்கு வரட்டும், வித்துடறேன்"னு உக்காந்திருப்போம். அந்த 500 ஏற்கனவே போன காசு. இனிமே எடுக்கிற முடிவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. டிக்கெட்டும் அப்படித்தான், கேட்ல ஸ்கேன் பண்ணின அடுத்த செகண்டே போன காசு. அதுக்கப்புறம் நீங்க ஒரு ரைடு போனாலும் பதினஞ்சு ரைடு போனாலும் ஒரு ரூபாய் திரும்பி வராது. ஷேர்ல இந்தத் தப்பைப் பண்ணா பணம் போகும், அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நிறைய பார்க்ல குழந்தை டிக்கெட்டை வயசை வச்சுப் போடறதில்ல, உயரத்தை வச்சுத்தான். கவுன்ட்டர்ல அளவுகோல் பக்கத்துல நிக்கும்போது "கொஞ்சம் முட்டியை மடக்கி நில்லுடா செல்லம்"னு சொல்ற அதே அப்பா, உள்ளே போனதும் ஸ்லைடு வாசல்ல இருக்கிற அளவுகோல் கிட்ட "நல்லா நிமிர்ந்து நில்லு, குதிகாலைத் தூக்கு"ன்னு சொல்றார். ஒரே நாள்ல குழந்தை ரெண்டு இஞ்ச் வளர்ந்துடுது. கவுன்ட்டர்ல நடக்கிறதைச் சிரிச்சுட்டு விட்டுடலாம். ஸ்லைடு வாசல்ல நடக்கிறதுக்கு எனக்குச் சிரிப்பு வரல. தண்ணிக்கு வெளியே தலை நிக்குமா, எந்த வேகத்துல கீழ வந்து விழும், இதையெல்லாம் பார்த்துத்தான் அந்தக் கோடு. அங்க நிக்கிற பையன் "சார், இந்தப் பாப்பா போக முடியாது"ன்னு சொன்னா அவன்கிட்ட சண்டை போடாதீங்க. உங்க டிக்கெட் காசுல உருப்படியா கிடைக்கிற சர்வீஸே அதுதான்.

போன வருஷம் மே மாசம் ஒரு பார்க்ல வேவ் பூல் ஓரமா நின்னுட்டிருந்தேன், என் பையனைக் கையில பிடிச்சுக்கிட்டு. எனக்கு முன்னாடி ஒரு மூணு, மூணரை வயசுப் பாப்பா, இடுப்புல காத்தடிச்ச டியூப். அவங்க அப்பா ரெண்டு கை தூரத்துல, கழுத்துல மாட்டின வாட்டர்ப்ரூஃப் கவருக்குள்ள போன், மனைவியை வீடியோ எடுத்துட்டிருக்கார். பெரிய அலைகூட இல்ல. டியூப் லேசா சாய்ஞ்சது, பாப்பாவோட எடை ஒரு பக்கமாப் போய் அப்படியே தலைகீழா கவிழ்ந்துடுச்சு. டியூப் இடுப்புல மாட்டியிருக்கிறதால கால் மேல, தலை கீழ. கத்தல் இல்ல, தண்ணி தெறிக்கல, ஒண்ணுமே இல்ல. நான் பையனைத் தூக்கிக்கிட்டு ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள, பக்கத்துல நின்ன வாடகை நைலான் டிரெஸ் போட்ட ஒரு அக்கா, கையைப் பிடிச்சு வெடுக்குனு தூக்கிட்டாங்க. பாப்பா இருமினா, அப்புறம் அழுதா. அந்த அப்பா திரும்பிப் பார்த்து முதல்ல கேட்டது: "என்னங்க ஆச்சு?"

அவர் கெட்ட அப்பா இல்ல. முகம் வெளுத்துப் போச்சு, குழந்தையை இறுக்கிக் கட்டிக்கிட்டார். ஆனா அரை மணி நேரம் கழிச்சு அதே குடும்பத்தை இன்னொரு ரைடு கியூவுல பார்த்தேன். பாப்பா தோள்ல சாஞ்சிருக்கா, கண் சொருகுது. அம்மா "கிளம்பலாங்க"ன்னு சொல்றாங்க. இவர் சொன்னது என் காதுல விழுந்தது: "இன்னும் ரெண்டு ரைடு பாக்கி இருக்கும்மா." இந்தப் பதிவை எழுதணும்னு எனக்குத் தோணினது அந்த ஒரு வரியாலதான்.

சினிமாவுல முங்குறவங்க கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துவாங்க. நிஜத்துல அப்படி இல்ல. நியூயார்க்ல லைஃப்கார்டா இருந்த ஃபிராங்க் பியா, முங்குறவங்களைப் படம் பிடிச்சு ஆராய்ஞ்சு சொன்ன விஷயம் இது. மூச்சு எடுக்கவே வாய் போதலங்கும்போது கத்த முடியாது. கை மேல வராது, பக்கவாட்டுல தண்ணியை அமுக்கும். தள்ளி நின்னு பார்க்கிறவங்களுக்கு விளையாடுற மாதிரியே தெரியும். இந்தப் போராட்டம் 20-லிருந்து 60 செகண்ட் வரைக்கும்தான், குழந்தைன்னா இன்னும் சீக்கிரம். யுபிஐ-ல பணம் அனுப்பி "ப்ராசஸிங்"னு சுத்திக்கிட்டிருக்கிறதைப் பார்க்கிற நேரம். ஐஸ்க்ரீம் கடையில க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டு திரும்புற நேரம்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-ல உலகம் முழுக்கத் தண்ணியில மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம் பேர். அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் 5 வயசுக்குக் கீழே. இது எல்லாமே வாட்டர் பார்க்ல நடந்தது இல்ல. கிணறு, குளம், ஆறு, வீட்டுத் தொட்டி எல்லாம் இதுல அடங்கும். கண்காணிப்பு இருக்கிற பார்க் ஒரு ஏரியைவிடப் பாதுகாப்புதான். ஆனா லைஃப்கார்டு நூறு தலைக்கு மேல பார்த்துட்டிருக்கார், நீங்க பார்க்க வேண்டியது ஒரே ஒரு தலை. அந்த வேலையை அவருக்கு அவுட்சோர்ஸ் பண்ண முடியாது.

கூட்டமா போனா கூடுதல் பாதுகாப்புன்னு நினைக்கிறோம். எனக்கு நேர் எதிரான அபிப்பிராயம். டீம் அவுட்டிங் மாதிரி பன்னெண்டு பெரியவங்க, அஞ்சு குழந்தைங்க போனா, ஒவ்வொருத்தரும் "மத்தவங்க பார்த்துப்பாங்க"ன்னு நினைப்பாங்க. ஆபீஸ்ல பொதுவான மெயில் ஐடிக்கு வர்ற மெயிலுக்கு யாரும் பதில் போட மாட்டோம் இல்லையா, அதே கதை. நமக்குத் தெரிஞ்ச தீர்வையே இங்கயும் வைங்க: ஆன்-கால் ரோஸ்டர். ஒரு நேரத்துல ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு பெரியவர். முப்பது நாப்பது நிமிஷம் அவரோட ஷிஃப்ட். அந்த நேரத்துல போன் லாக்கர்ல. "இப்ப நீ பார்த்துக்கோ"ன்னு சொன்னா "சரி, நான் பார்த்துக்கறேன்"னு வாயால பதில் வரணும், வந்தாத்தான் கை மாறுது. தாத்தா பாட்டி கரையில உக்காந்திருக்கிறதை ஷிஃப்ட்டா எண்ணாதீங்க. பாவம், அவங்களால தண்ணிக்குள்ள ஓட முடியாது.

ஷிஃப்ட்ல இருக்கிறவர் கை நீட்டினா குழந்தையைத் தொடணும். அதுதான் தூரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் நீச்சல் தெரியாத குழந்தைங்களுக்கு இதைத்தான் சொல்லுது.

கணவன், மனைவி, குழந்தைன்னு மூணே பேர் போனா என்ன ஆகும்? பெரியவங்கள்ல ஒருத்தர் எப்பவும் ரைடு போக மாட்டார். அதாவது ரெண்டு பெரியவர் டிக்கெட் வாங்கினாலும் உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு டிக்கெட்டோட ரைடுதான். இதை டிக்கெட் வாங்கும்போதே செலவாச் சேர்த்துடுங்க. இது தெரிஞ்சே போனா மீட்டர் மனசுக்குள்ள ஓடாது. க்யூவுல நிக்காம போற ஃபாஸ்ட் பாஸ் கூடுதல் காசு கொடுத்து வாங்காதீங்க. சின்னக் குழந்தையோட போறவங்களுக்கு அது சுத்த வேஸ்ட், வாங்கிட்டா "யூஸ் பண்ணியே ஆகணும்"னு இன்னொரு அழுத்தம் வேற.

வார நாள்ல போறதுக்கு லீவ் போடணுமேன்னு யோசிப்பீங்க. உங்க கம்பெனியில சி.எல். வருஷக் கடைசியில லாப்ஸ் ஆகுற வகைன்னா அந்த லீவுக்கு விலையே இல்ல, எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வேவ் பூல்ல உங்க குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவுல நாலு பேர் வந்துடுவாங்க. செவ்வாய்க்கிழமை வர மாட்டாங்க. டிக்கெட் குறையறதைவிட எனக்கு இதுதான் பெரிய லாபமாத் தெரியுது.

மிதக்கிற சாமான்ல காசு மிச்சம் பிடிக்கிறதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். கையில மாட்டுற காத்தடிச்ச வளையம், இடுப்பு டியூப், வாத்து பொம்மை எல்லாம் விளையாட்டுச் சாமான். அட்டையைத் திருப்பிப் பார்த்தா உயிர் காக்கும் சாதனம் இல்லன்னு பொதுவா அவங்களே அச்சடிச்சிருப்பாங்க. ஆபத்து என்னன்னா, அது குழந்தைக்குத் தைரியம் கொடுக்கும், நமக்கு அலட்சியம் கொடுக்கும். வேணும்னா லைஃப் ஜாக்கெட்டே வாங்கணும். ஐஎஸ்ஓ 12402-ன்னு ஒரு தரம் இருக்கு, அதுல 50, 100, 150, 275-ன்னு நிலைகள். 50 போட்டது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு. நீச்சல் தெரியாத குழந்தைக்கு 100 அல்லது அதுக்கு மேல பாருங்க. "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே வாங்கிடலாம்"ங்கிற நம்ம வீட்டு யூனிஃபார்ம் தத்துவம் இங்க வேலைக்கு ஆகாது. குழந்தையோட எடைக்கு என்ன சைஸோ அதுதான். மாட்டிவிட்டு தோள்பட்டைப் பக்கம் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. ஜாக்கெட் மட்டும் தாடை, காது வரைக்கும் ஏறி வந்தா அது பெருசு, தண்ணியில குழந்தை அதுக்குள்ளிருந்து வழுக்கிடும். கால் இடுக்குல வர்ற பட்டை இருக்கிற மாதிரி வாங்குங்க, அதை மாட்டவும் செய்யுங்க. பார்க்லயே கொடுக்கிற ஜாக்கெட்டுக்கும் இதே சோதனைதான். ஜாக்கெட் போட்டாச்சுன்னு ஷிஃப்ட் முடிஞ்சுடாது.

நீச்சல் டிரெஸ்ல ஒரு சின்ன விஷயம்: நீலம், வெள்ளை, சாம்பல் நிறம் நீலத் தரை போட்ட குளத்துல காணாமப் போயிடும். ஆரஞ்சு, பளீர் பச்சை, பளீர் பிங்க் எடுங்க. விலை ஒண்ணுதான்.

வேவ் பூல் பத்தி என் கருத்து கொஞ்சம் கறார். அலை ஓடும்போது நீச்சல் தெரியாத சின்னக் குழந்தையை அங்க இறக்கவே வேணாம். கணுக்கால் தண்ணியில நிக்கிற குழந்தையை ஒரு அலை தள்ளிவிட்டு, திரும்பிப் போகும்போது உள்ளே இழுக்கும். பத்து செகண்ட்ல அது இடுப்பளவு தண்ணி, அதுவும் ஆட்டம் போடுற கூட்டத்துக்கு நடுவுல. அலாரம் அடிச்சதும் தூக்கிட்டு வெளியே வந்துடுங்க. சின்னவங்களுக்குன்னு இருக்கிற குளத்துலயும் மேல ஒரு பெரிய வாளி நிரம்பிக் கவிழும் பாருங்க, அதுக்கு நேர் கீழ நிறுத்தாதீங்க. அந்தத் தண்ணி வேகத்துல பெரியவங்களுக்கே கால் வழுக்கும்.

"இன்சூரன்ஸ் இருக்கே ப்ரோ"ன்னு ஒருத்தர் போன வருஷம் கேட்டார். இருக்கட்டும், நல்லது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுல வருஷத்துக்கு 20 ரூபாய்ல 2 லட்சம் வரைக்கும் விபத்துக் காப்பீடு, நானே எல்லாரையும் எடுக்கச் சொல்றேன். ஆனா அது 18 வயசிலிருந்து 70 வயசு வரைக்கும்தான், குழந்தைக்குக் கிடையாது. குழந்தைக்கு உதவுறது உங்க ஹெல்த் பாலிசிதான். ஆபீஸ் குரூப் பாலிசியில குழந்தை பேரைச் சேர்த்தாச்சான்னு இன்னைக்கே ஹெச்ஆர் போர்ட்டல்ல பாருங்க. பொறந்த குழந்தையைச் சேர்க்கக் கால வரம்பு இருக்கும், அதைத் தவற விட்டவங்க நம்ம வாசகர்கள்லயே நிறைய பேர். தண்ணியில மூழ்கி எடுத்த குழந்தைக்கு ஐசியூ தேவைப்பட்டா பில் சின்னதா இருக்காது. இருந்தாலும் பாலிசி கட்டுறது பில்லை மட்டும்தான்.

அந்தச் சூழ்நிலையில தெரிஞ்சிருக்க வேண்டியது ஒண்ணு. வெளியே எடுத்த குழந்தை மூச்சு விடலன்னா நெஞ்சை அமுக்குறது மட்டும் போதாது, வாயில காத்து ஊதவும் வேணும். மூழ்கினவங்களுக்குக் குறைஞ்சது மூச்சுக்காத்துதான். யாராவது 108-க்கு அடிக்கட்டும், நீங்க நிறுத்தாதீங்க. நிறைய கம்பெனிகள்ல வருஷம் ஒரு தடவை முதலுதவிப் பயிற்சி வைப்பாங்க, "மீட்டிங் இருக்கு"ன்னு தப்பிச்சு ஓடுவோம். அடுத்த தடவை போய் உக்காருங்க, இலவசம்தான். தண்ணி குடிச்சு எழுந்த குழந்தை இருமிக்கிட்டே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறா சோர்ந்து போனாலோ வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

சரி, பணத்தை வேற எதுல போடலாம்? நம்ம அப்பா தலைமுறையில ஊர்க் கிணத்துல, முதுகுல காஞ்ச சுரைக்குடுக்கையோ எண்ணெய் கேனோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ தூக்கிப் போடுவாங்க. ஒரு வாரத்துல நீச்சல் வந்துடும், செலவு பூஜ்யம். (அந்த முறையை நான் சிபாரிசு பண்ணல!) நாம அபார்ட்மென்ட்ல வளர்க்கிற குழந்தைக்கு அந்தக் கிணறும் இல்ல, அந்தச் சித்தப்பாவும் இல்ல. காசு கொடுத்துத்தான் கத்துக் கொடுக்கணும். அதே குழந்தை மருத்துவர்கள் சங்கம், ஒரு வயசுக்கு மேலயே நீச்சல் பயிற்சி தொடங்கலாம், நாலு வயசுல பெரும்பாலான குழந்தைங்க கத்துக்கத் தயாரா இருப்பாங்கன்னு சொல்லுது. பன்னெண்டு வகுப்புக்கு 5,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. நாம மேல போட்ட ஒரு நாள் பட்ஜெட் 6,200. சென்னையில தனியார் அகாடமி ஃபீஸைப் பார்த்துட்டு மலைச்சுப் போறவங்க, வேளச்சேரியில இருக்கிற விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட நீச்சல் வளாகத்தையும், மெரினாவுல இருக்கிற மாநகராட்சி நீச்சல் குளத்தையும் விசாரிங்க. மத்த ஊர்ல மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல கேளுங்க. எத்தனை வயசிலிருந்து சேர்ப்பாங்க, சின்னக் குழந்தைக்குத் தனியா ஆழம் குறைஞ்ச குளம் இருக்கா, ஒரு கோச்சுக்கு எத்தனை குழந்தைங்க, இதை நேர்ல போய்ப் பார்த்துட்டு ஃபீஸ் கட்டுங்க.

பன்னெண்டு வகுப்பு முடிச்ச குழந்தை முங்காதுன்னு அர்த்தம் இல்ல, கண்ணை எடுக்கலாம்னும் அர்த்தம் இல்ல. ஆனா வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்தா பதறாம மிதக்கவும், திரும்பி ஓரத்தைப் பிடிக்கவும் கத்துக்கிட்டா அந்த 20 செகண்ட் கொஞ்சம் நீளும். என் வீட்டுல வரிசை இதுதான்: முதல்ல நீச்சல் வகுப்பு, அப்புறம் பார்க். ரெண்டுக்கும் இந்த வருஷம் பணம் இல்லன்னா பார்க்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. நாலு வயசுக்கு அடுத்த சம்மரும் சம்மர்தான்.

இந்த வருஷமே போறதா இருந்தா, அரை நாள் பிளானாப் போடுங்க. பதினோரு மணிக்கு உள்ளே, சின்னவங்க குளத்துல ரெண்டு மணி நேரம், சாப்பாடு, பெரியவங்க ஆளுக்கு ரெண்டு ரைடு மாத்தி மாத்தி, மூணு மணிக்கு வெளியே. உதடு நீலமாகி நடுங்க ஆரம்பிச்சா அதுக்கும் முன்னாடியே. மிச்சம் மூணு மணி நேரம், நம்ம கணக்குப்படி 2,658 ரூபாய், வீணாப் போச்சுன்னு உங்க மனசு சொல்லும். பார்க்கிங்ல கார் ஏசியைப் போட்டு, குழந்தையைத் துண்டுல சுத்தி பின் சீட்டுல தூங்க வச்சுட்டு, ரெண்டு பேரும் ஒரு டீ குடிச்சுக்கிட்டே கிளம்புங்க.

உங்க ஊர்ல சின்னக் குழந்தைங்களுக்கு நீச்சல் வகுப்பு எங்க, மாசம் எவ்வளவு, ஒரு கோச்சுக்கு எத்தனை குழந்தைங்கன்னு தெரிஞ்சவங்க எழுதி அனுப்புங்க. மே முதல் வாரத்துக்குள்ள ஊர் வாரியா தொகுத்து வீடியோவாப் போடறேன்.